விரைவு இணைப்பான்

விரைவு இணைப்பான் என்பது நீர், காற்று, எண்ணெய் போன்ற பாய்மங்களைக் கொண்டு செல்லும் குழாய்களை மரை திருகாமலும் பசை பூசாமலும் கையாலேயே சில நொடிகளில் இணைக்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது கப்ளிங், கனெக்டர், ஜாயினர் என இடத்திற்கேற்பப் பல பெயர்களால் அழைக்கப்படுகின்றது. வேளாண்மை, தீயணைப்பு, கட்டுமானம், கல்லுடைப்பு, ஆழ்துளைக் கிணறு தோண்டுதல், வீட்டுக் குடிநீர் வடிகட்டி எனப் பல துறைகளில் இது பயன்படுகின்றது. தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளில் சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனங்கள் பரவியதை அடுத்து, இவ்வகை இணைப்பான்கள் வயல்வெளிகளில் அன்றாடப் பொருளாகிவிட்டன.

எளிதில் கழற்றக்கூடியது என்பதே இதன் சிறப்பும் ஆபத்தும் ஆகும். குழாயினுள் அழுத்தம் இருக்கும்போது கழற்றினாலோ, பொருந்தாத அளவில் மாட்டினாலோ, இணைப்புப் பிடுங்கிக்கொண்டு காயம் விளைவிக்கலாம்.

அமைப்பும் செயற்பாடும்

விரைவு இணைப்பான் பொதுவாக ஆண் முனை, பெண் முனை என இரு பகுதிகளைக் கொண்டது. இது மூன்று வேலைகளைச் செய்கின்றது.

பிடித்தல்: இரு முனைகளும் விலகாமல் இறுக்கி வைத்தல். கொக்கி, நெம்புகோல், எஃகுக் குண்டுகள், பற்கள் ஆகியவற்றுள் ஒன்று இதைச் செய்யும்.

அடைத்தல்: இடுக்கு வழியே பாய்மம் கசியாமல் தடுத்தல். இதை ரப்பர் வளையம் செய்கின்றது.

மூடுதல்: முனைகள் பிரிக்கப்பட்டவுடன் பாய்மம் வெளியேறாதபடி உள்ளிருக்கும் வால்வு தானாகவே மூடிக்கொள்ளுதல். இவ்வசதி எல்லா இணைப்பான்களிலும் இருப்பதில்லை.

வீடுகளில் சமையல் எரிவாயு உருளையின் மீது மாட்டப்படும் ரெகுலேட்டர் இம்மூன்றுக்கும் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அதன் பூட்டு வளையம் பிடிக்கின்றது. உருளையின் வாயில் உள்ள சிறிய ரப்பர் வளையம் அடைக்கின்றது. ரெகுலேட்டரை எடுத்தவுடன் உருளையின் ஊசி வால்வு மூடிக்கொள்கின்றது. ரப்பர் வளையம் கெட்டிருந்தால், பூட்டு எவ்வளவு உறுதியாக விழுந்தாலும் எரிவாயு கசியும். மாட்டும்போது கேட்கும் 'கிளிக்' ஓசை பிடிப்புக்கு மட்டுமே சான்று. அடைப்புக்குச் சான்று அன்று. பாசன இணைப்பான்களுக்கும் இது பொருந்தும்.

வரலாறு

விரைவு இணைப்பான்கள் தீயணைப்புத் துறையின் தேவையால் வளர்ந்தன. மரையிட்ட இணைப்புகளை அவசர நேரத்தில் திருகிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கியது. இரு முனைகளும் ஒரே வடிவில் அமைந்து, கால் சுற்று அளவே திருப்பிப் பூட்டும் இணைப்பானுக்குக் கைடோ ஸ்டோர்ஸ் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே அது இன்றும் ஐரோப்பாவில் வழங்குகின்றது. இந்தியாவில் தீயணைப்பு நெகிழ்குழாய்களுக்கான இணைப்பான்கள் ஐ.எஸ். 903 என்னும் இந்தியத் தரநிர்ணயத்தின்படி செய்யப்படுகின்றன. ஆண் முனையைத் தள்ளியவுடன் வில்லால் இயங்கும் தாழ்கள் பூட்டிக்கொள்ளும் 63 மி.மீ. இணைப்பான் இங்குப் பெருவழக்காக உள்ளது.

தோட்டக் குழாய்களுக்கான நெகிழி இணைப்பான்களை ஜெர்மனியின் கார்டெனா நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்தியது. 1965இல் இசுரேலின் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையில் சிம்கா பிளாஸ் என்பவரின் கண்டுபிடிப்பைக் கொண்டு சொட்டுவான்களின் வணிக உற்பத்திக்கு வழி ஏற்பட்டது. மெல்லிய பாலித்தீன் குழாய்களைக் கையாலேயே செருகி இணைக்கும் சிறு இணைப்பான்கள் சொட்டுநீர்ப் பாசனத்துடன் சேர்ந்தே உலகெங்கும் பரவின.

தர்மபுரி மாவட்டத்தில் பயன்பாடு

தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2004 பிப்ரவரியில் இதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரிந்தது. மேற்கு எல்லையில் ஒகேனக்கல்லில் காவிரி ஓடினாலும், மாவட்டத்தின் பெரும்பகுதி மழை, ஏரி, கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றையே நம்பியுள்ளது. நிலத்தடியில் கடினப் பாறை இருப்பதால் நீர் குறைவாகவும் ஆழத்திலும் கிடைக்கின்றது.

இச்சூழலில் 2004-05 முதல் 2006-07 வரை தமிழ்நாடு துல்லியப் பண்ணையத் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டர் பரப்பில் செயற்படுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசின் நிதியுதவியுடன் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை நடத்தியது. நீரில் கரையும் உரங்களைச் சொட்டுநீர்க் குழாய் வழியாகவே பயிருக்குத் தரும் உரநீர்ப் பாசனம் இதன் மையமாக இருந்தது. பின்னர், 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் வழியாக நுண்ணீர்ப் பாசனம் மேலும் பரவியது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் நுண்ணீர்ப் பாசனத்திற்கு மானியம் வழங்கப்படுகின்றது.

மானியத்தில் அமைக்கப்படும் குழாய்த் தொகுதி முதலில் பொறியாளர்களால் பொருத்தப்படுகின்றது. ஆனால் தக்காளி, கரும்பு, மஞ்சள் என ஒவ்வொரு பயிர் முடிந்த பின்னும் பக்கவாட்டுக் குழாய்களைக் கழற்றிச் சுருட்டி, உழவுக்குப் பின் மீண்டும் மாட்டுபவர் விவசாயியே. உடைந்த உறுப்புகளுக்கு மாற்றுகளைக் கடையில் தேர்ந்தெடுப்பவரும் அவரே. எனவே இணைப்பான் பற்றிய அறிவு அவருக்கே மிகுதியாகத் தேவைப்படுகின்றது.

வகைகள்

செருகு இணைப்பான்: சொட்டுநீர்ப் பாசனத்தில் 12, 16, 20 மி.மீ. பக்கவாட்டுக் குழாய்களில் பயன்படுவது. இதன் முனையில் உள்ள வளையப் பற்கள் குழாயின் உட்சுவரைக் கவ்வும். துணை முதன்மைக் குழாயில் துளையிட்டு, கிராமெட் எனப்படும் ரப்பர் வளையத்தைப் பொருத்தி, அதில் டேக்-ஆஃப் எனப்படும் இணைப்பானைச் செருகுவர். அறுந்த குழாயை இணைப்பது ஜாயினர் ஆகும்.

கொக்கி இணைப்பான்: தெளிப்புநீர்ப் பாசனத்தில் பயன்படுவது. பொதுவாக 6 மீட்டர் நீளமுள்ள பாலித்தீன் குழாயின் ஒரு முனையில் ஆண் பகுதியும் மறுமுனையில் பெண் பகுதியும் இருக்கும். ஐ.எஸ். 14151 என்னும் தரநிர்ணயத்தின் இரண்டாம் பகுதி இவ்வகைக் குழாய்களுக்கானது. இதன் ரப்பர் வளையம் உதடு போன்ற மடிப்புடையது. நீரின் அழுத்தம் ஏற ஏற அம்மடிப்பு குழாயோடு ஒட்டி அடைக்கும். ஆகவே மோட்டார் ஓடத் தொடங்கும்போது சிறிது கசிந்து, பின்னர் நின்றுவிடுவது இயல்பே ஆகும்.

நெம்புகோல் இணைப்பான்: கேம்லாக் எனப்படுவது. இரு புறமும் உள்ள காதுகளை மடக்கினால் ஆண் முனை உள்ளிழுக்கப்பட்டு இறுகும். தண்ணீர் லாரிகளிலும் எண்ணெய் வண்டிகளிலும் இதைக் காணலாம்.

அழுத்திச் செருகும் இணைப்பான்: குழாயை உள்ளே தள்ளினால் சிறு பற்கள் வெளிப்புறத்தைக் கவ்விக்கொள்ளும். வீட்டுக் குடிநீர் வடிகட்டிகளிலும் காற்றழுத்த இயந்திரங்களிலும் பயன்படுவது. வடிகட்டிகளின் கால் அங்குலக் குழாய் 6.35 மி.மீ. வெளிவிட்டமுடையது, காற்றுக் குழாய்களில் 6 மி.மீ. வழக்கம். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றை மாற்றிப் பொருத்தினால் கசியும், அல்லது கழன்றுவிடும்.

நகப்பிடி இணைப்பான்: இரு முனைகளிலும் நகம் போன்ற கொக்கிகள் உள்ள உலோக இணைப்பான். கல் குவாரிகளிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளிலும் அழுத்தக் காற்றுக்குப் பயன்படுகின்றது.

தெரிவு செய்தல்

அளவு: நெகிழ்குழாய்கள் உள்விட்டத்தாலும், பி.வி.சி., பாலித்தீன் குழாய்கள் வெளிவிட்டத்தாலும் குறிக்கப்படுகின்றன. கடைவழக்கில் 63 மி.மீ. குழாயை இரண்டு அங்குலக் குழாய் என்பர். எனவே 'இரண்டு அங்குல இணைப்பான்' என்று மட்டும் கேட்டு வாங்குவது தவறுக்கு இடமளிக்கும். பழைய குழாயின் சிறு துண்டொன்றை வெட்டி எடுத்துச் செல்வது நல்லது. ஒரே 16 மி.மீ. குழாயும் சுவரின் தடிப்பைப் பொறுத்து உள்விட்டத்தில் மாறுபடும் என்பதால், செருகு இணைப்பானுக்கு உள்விட்டமும் பார்க்கப்பட வேண்டும்.

அழுத்தம்: இணைப்பானின் அழுத்த வரம்பு, வழக்கமாக ஓடும் அழுத்தத்தை மட்டுமன்றி, எல்லா வால்வுகளும் மூடியிருக்கையில் மோட்டார் தரக்கூடிய உச்ச அழுத்தத்தையும் கருத்திற்கொண்டு தெரிவு செய்யப்பட வேண்டும். நீர்நிலை 10 மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 கி.கி./ச.செ.மீ. ஆகும். வால்வுகள் மூடிய நிலையில் 150 மீட்டர் உயரத்திற்குத் தள்ளும் நீர்மூழ்கி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் கிணற்று நீர்மட்டம் 120 மீட்டர் ஆழத்தில் இருந்தால், தரைமட்டத்தில் மிஞ்சுவது 30 மீட்டர், அதாவது 3 கி.கி./ச.செ.மீ. மழைக்குப் பின் நீர்மட்டம் 60 மீட்டருக்கு ஏறினால், அதே மோட்டார் தரைமட்டத்தில் 9 கி.கி./ச.செ.மீ. வரை தரக்கூடும். கோடை முழுவதும் தாங்கிய இணைப்பு மழைக்குப் பின் பிடுங்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணமாகும். இதற்காகவே உபரி நீரைத் திருப்பிவிடும் பக்கவழி வால்வும் அழுத்தமானியும் பொருத்தப்படுகின்றன.

வெப்பம்: பாலித்தீன் குழாய் வெப்பம் ஏற ஏற வலிமை இழக்கும், நீளவும் செய்யும். 20 பாகை செல்சியசு வெப்ப வேறுபாட்டில் 100 மீட்டர் குழாய் ஏறத்தாழ 40 செ.மீ. நீளும் அல்லது சுருங்கும். நண்பகல் வெயிலில் இழுத்துக் கட்டிய குழாய் இரவில் சுருங்கி இணைப்பானிலிருந்து உருவிக்கொள்வதைத் தவிர்க்க, குழாயைச் சற்றுத் தளர்வாகவே விட வேண்டும்.

பொருள்: ரப்பர் வளையங்களில் இ.பி.டி.எம். வகை நீருக்கும் வெயிலுக்கும் ஏற்றது. எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். நைட்ரைல் வகை எண்ணெய்க்கும் டீசலுக்கும் ஏற்றது, வெயிலில் வெடிக்கும். பித்தளை உறுப்புகளுக்கு அமோனியா பகையாகும். பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலங்களில் வெடிப்பு விட்டன. அவை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்ததும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பதும் 1921இல் விளக்கப்பட்டன. அமோனியா சார்ந்த உரங்கள் செல்லும் குழாயில் நெகிழி இணைப்பான்களே விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரை: மோட்டார் பக்கத்தில் மரையிட்ட முனை தேவைப்படும். இந்தியாவில் ஐ.எஸ். 554இன்படி 55 பாகைக் கோணமுள்ள பிரித்தானிய வகை மரை வழங்குகின்றது. அமெரிக்க வகை மரையின் கோணம் 60 பாகை ஆகும். அரை அங்குல, முக்கால் அங்குல அளவுகளில் இரண்டிற்கும் ஓர் அங்குலத்திற்கு 14 மரைகள் என்பதால், ஒன்று மற்றொன்றில் ஏறுவது போலத் தோன்றும்; ஆனால் கசியும். டெஃப்லான் நாடாவை மிகுதியாகச் சுற்றுவது இதற்குத் தீர்வாகாது.

கசிவின் அளவு

1 கி.கி./ச.செ.மீ. அழுத்தத்தில் 2 மி.மீ. விட்டமுள்ள துளை வழியே மணிக்கு ஏறத்தாழ 95 லிட்டர் நீர் வெளியேறும் எனக் கணக்கிடலாம். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான்கள் ஏறத்தாழ 24க்கு உரிய நீர் இதுவாகும். இத்தகைய கசிவுகள் பத்து இருந்து, நாளொன்றுக்கு 4 மணி நேரம் மோட்டார் ஓடினால், 3,800 லிட்டர் நீர் பயிருக்குச் சேராமல் போகும். வரிசையின் தொடக்கத்தில் கசிந்தால் கடைசிச் செடிகளுக்கு அழுத்தம் குறைந்து, நீரோடு உரமும் சேராது. கடைமடைச் செடிகள் வாடுவதற்கு நோயைத் தேடும் முன் இணைப்பான்களைப் பார்ப்பது எளிய வழியாகும்.

பொருத்தும் முறை

குழாயின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டிய குழாய் முழுமையாக அமராது. மண்ணும் பிசிறும் நீக்கப்பட வேண்டும். குழாய் இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் சில நொடிகள் நனைத்துச் செருகலாம். தீக்குச்சியாலோ விளக்காலோ சுடுவது குழாயின் சுவரை மெலியச் செய்து, பின்னாளில் அவ்விடத்திலேயே வெடிக்கச் செய்யும். ரப்பர் வளையத்திற்கு வழவழப்பு வேண்டுமாயின் சோப்பு நீர் போதும். கிரீசும் மோட்டார் எண்ணெயும் இ.பி.டி.எம். வளையத்தைக் கெடுக்கும். செருகிய பின் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பியால் இறுக்கிக் கட்டுவது குழாயை அறுக்கும். உரிய கிளாம்பே பொருத்தமானது.

மோட்டாரை இயக்கும்போது வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்ற வேண்டும். வால்வைத் திடீரென மூடினால் ஓடும் நீர் மோதி உருவாக்கும் அழுத்த அலை, பூட்டு சரியாக விழாத இணைப்பைத் தள்ளிவிடும்.

கழற்றும் முறை

அழுத்தத்தோடு கழற்றலாகாது என்பது இவ்விணைப்பான்கள் அனைத்திற்கும் பொதுவான விதி ஆகும். இதன் காரணத்தைக் கணக்கால் அறியலாம். 2.5 கி.கி./ச.செ.மீ. அழுத்தத்தில் 63 மி.மீ. விட்டமுள்ள மூடிய முனையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 78 கிலோ எடைக்குச் சமம். 75 மி.மீ. எனில் 110 கிலோ, 110 மி.மீ. எனில் 238 கிலோ. கொக்கியை நெம்பும் கணத்தில் இவ்விசை முழுவதும் விடுபடும். அப்போது குழாயின் நேர் எதிரே நிற்பவரின் முகத்திலோ மார்பிலோ முனை மோதும்.

எனவே கழற்றும் முறை பின்வருமாறு அமைய வேண்டும். முதலில் மோட்டாரை நிறுத்தி, தானியங்கித் தொடக்கியையும் அணைக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது மோட்டார் தானாக ஓடத் தொடங்குவது கிராமங்களில் வழக்கம். அடுத்து, கடைசி மூடியையோ வடிகால் வால்வையோ திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். அழுத்தமானி சுழியைக் காட்டிய பின்னரே, குழாயின் நேர் எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று கொக்கியை விடுவிக்க வேண்டும். கையால் எளிதில் விடுபடாத இணைப்பை சுத்தியலால் தட்டலாகாது. உள்ளே இன்னும் அழுத்தம் இருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

6 மீட்டர் நீளத் தெளிப்புநீர்க் குழாய்களை நிமிர்த்தித் தூக்குவதும் ஆபத்தானது. வயலின் குறுக்கே செல்லும் மின்கம்பியில் அலுமினியக் குழாய் பட்டால் மின்சாரம் பாயும். நெகிழிக் குழாயாயினும், ஈரமாகவோ நீர் நிரம்பியோ இருந்தால் பாதுகாப்பானதன்று. குழாயைக் கிடைமட்டமாகவே இருவர் தூக்கிச் செல்ல வேண்டும்.

உரநீர்ப் பாசனமும் பின்னோட்டமும்

உரக்கரைசலை உறிஞ்சும் வெஞ்சுரி பெரும்பாலும் விரைவு இணைப்பான்களால் மாட்டப்படுகின்றது. மோட்டார் நின்றவுடன் குழாயிலுள்ள நீர் கிணற்றை நோக்கித் திரும்பிப் பாயக்கூடும். அப்போது உரக்கரைசலும் கிணற்றினுள் இறங்கும். தர்மபுரியின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக இருந்ததால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்நீரோடு நைட்ரேட்டும் சேர்வது கேட்டை மேலும் கூட்டும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிர்ணயம் நைட்ரேட்டிற்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என வரம்பு வைத்துள்ளது.

இதைத் தடுக்க, மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் இடையில் திரும்பா வால்வு பொருத்தப்பட வேண்டும். விரைவு இணைப்பானில் உள்ள தானே மூடும் வால்வு பிரிக்கும்போது மட்டுமே மூடும். மாட்டியிருக்கும்போது இரு திசையிலும் நீரை விடும். எனவே அது திரும்பா வால்வுக்கு மாற்றாகாது. குடிநீர்த் தொட்டிக்குச் செல்லும் குழாயையும் உரக்குழாயையும் ஒரே வகை இணைப்பானால் அமைப்பதைத் தவிர்த்தால், தவறுதலாக மாற்றி மாட்டுவதும் தடுக்கப்படும்.

அழுத்தக் காற்று

நீர் ஏறத்தாழச் சுருங்காதது. எனவே இணைப்பு விலகியவுடன் அதன் அழுத்தம் விரைவில் தணியும். காற்றோ சுருங்கி, வில்லைப் போல ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்கின்றது. காற்றுக் குழாயின் இணைப்பு விலகினால், கம்பிரசரை நிறுத்தும் வரை குழாய் சாட்டை போலச் சுழன்று அடிக்கும். இதனால் நகப்பிடி இணைப்பான்களில் பாதுகாப்பு ஊசி செருகப்படுகின்றது. இணைப்பின் இரு பக்கமும் உள்ள குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் எஃகு வடமும் கட்டப்படுகின்றது. பாசனத்திற்கான நெகிழி இணைப்பான்களை அழுத்தக் காற்றிற்கோ எரிவாயுவிற்கோ எந்நிலையிலும் பயன்படுத்தலாகாது.

பராமரிப்பு

ஒவ்வொரு பயிர்ப் பருவத்தின் முடிவிலும் ரப்பர் வளையங்களைக் கழற்றிக் கழுவி நிழலில் வைக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் மீளாத வளையமும், வெடிப்பு விட்ட வளையமும் மாற்றப்பட வேண்டியவை. உப்புப் படிந்த இணைப்பான்களை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவர். அப்போது நீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. கொக்கி தேய்ந்த அல்லது உடல் கீறல் விட்ட இணைப்பானை ஒட்டிப் பயன்படுத்துவதைவிடப் புதியது வாங்குவதே சிக்கனமாகும். கிராமெட், ஜாயினர், கடைசி மூடி, ரப்பர் வளையம் ஆகியவற்றில் சிலவற்றை மோட்டார் அறையில் இருப்பு வைத்திருந்தால், பொருந்தாத ஒன்றைக் கொண்டு தற்காலிகமாக ஒப்பேற்ற வேண்டிய நிலை ஏற்படாது.